முகூர்த்த நாள்களில் காலியான பெஞ்சுகள்: முதலாண்டு இயற்பியல் வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்மாவட்டச் சிறுநகர் ஒன்றில் உள்ள கலை அறிவியல் கல்லூரியில், இளநிலை இயற்பியல் முதலாண்டு வகுப்பில் 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அந்த வகுப்புக்கு இயக்கவியல் தாளை நடத்தியது நான். அதற்கு முன் 17 ஆண்டுகள் அதே தாளை ஏறத்தாழ அதே முறையில் நடத்தியிருக்கிறேன்: கரும்பலகையில் வரையறை, நிரூபணம், ஒரு கணக்கு, வீட்டுக்கு இரண்டு கணக்கு. மாணவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

வகுப்பில் 46 பேர். 27 மாணவிகள், 19 மாணவர்கள். பெரும்பாலோர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக்கு வந்தவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களே அதிகம். காலை எட்டரைக்குத் தொடங்கும் வகுப்பு ஒன்றரைக்கு முடிந்துவிடும். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள் என்பதால், கடைசி மணி நேரத்தில் எல்லோருடைய கண்ணும் பேருந்து நேரத்தின் மீதுதான் இருக்கும்.

இந்த மாணவர்களைப் பற்றிய ஒரு விவரத்தை நான் முதல் நாளே கணக்கில் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. இவர்கள் பத்தாம் வகுப்பில் இருந்த 2020-ல் பொதுத்தேர்வு ரத்தானது. பதினொன்றாம் வகுப்பில் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. 2022 மே மாதம் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில் எழுதிய பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுதான் அவர்கள் சந்தித்த ஒரே பொதுத்தேர்வு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இயக்கவியலின் அடித்தளம் பதினொன்றாம் வகுப்பில் போடப்படுகிறது. இவர்களுக்கோ அந்த ஆண்டில் பள்ளி 2021 பிப்ரவரி 8 அன்று திறந்து, மார்ச் 22 முதல் மீண்டும் மூடப்பட்டது. நான் எதன் மேல் கட்டத் தொடங்கினேனோ, அந்த அடித்தளத்துக்கு அவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்தது ஆறு வாரம்.

முதல் மூன்று வாரங்களில் கவனித்தவை

வகுப்பு அமைதியாக இருந்தது. முதலில் அதை ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டேன். "புரிகிறதா?" என்று கேட்டால் "புரிகிறது சார்" என்று ஒரே குரலில் பதில் வரும். பெயர் சொல்லி எழுப்பிக் கேட்டால் தலை குனியும். பாடம் முடிந்ததும் சிலர் கைப்பேசியை எடுத்துக் கரும்பலகையைப் படம் எடுப்பார்கள். குறிப்பு எடுத்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

ஆசிரியர் அறையில் இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது: கைப்பேசித் தலைமுறை, பத்து நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்காது. அப்போது எனக்கும் அதே கருத்துதான். மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் வாரம் முன்னறிவிப்பு இல்லாமல் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு தேர்வு வைத்தேன். நியூட்டனின் மூன்று விதிகளை எழுதச் சொன்ன கேள்விக்கு 44 பேர் பிழையில்லாமல் எழுதினார்கள். அடுத்த கேள்வி: மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் திசைவேகம் என்ன, முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்) என்ன? திசைவேகம் பூஜ்யம் என்பதைப் பலர் சொன்னார்கள். முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8 மீட்டர்/வினாடி² என்று எழுதியவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் முடுக்கத்தையும் பூஜ்யமாக்கியிருந்தார்கள். விதிகளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த வகுப்பு, அந்த விதிகளைப் பந்தோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை என்பது அன்று தெரிந்தது.

முதல் முடிவு: காணொளிகள்

கவனம் நிற்காது என்பதுதான் சிக்கல் என்றால், பாடத்தைச் சிறு துண்டுகளாக்கிக் கைப்பேசியிலேயே கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். வீட்டில் காணொளி பார்த்துவிட்டு வந்தால், வகுப்பில் கணக்குப் போடலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இரண்டு பள்ளி வேதியியல் ஆசிரியர்கள் 2007-ல் தொடங்கிப் பரவலாக்கிய முறை அது. எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம் ஓடும் ஏழு காணொளிகளை நானே பதிவு செய்து, வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று இரவுகள் ஆயின.

மூன்று வாரத்தில் முயற்சி படுத்துவிட்டது. முதல் காணொளியைப் பாதிப் பேருக்கும் குறைவானவர்களே திறந்திருந்தார்கள். ஐந்தாவதை ஒன்பது பேர். திறந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. பார்க்காதவர்களைக் கண்டித்தேன். அடுத்த வாரம் வருகையும் குறைந்தது.

தவறு எங்கே என்று காட்டியது ஒரு மாணவி. எல்லோரும் போன பிறகு மேசை அருகே வந்து, "சார், ஊரடங்கில் இரண்டு வருஷம் இப்படித்தான் பார்த்தோம்" என்றார். குறையாக அவர் அதைச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். எனக்கு அதன் பொருள் உறைக்க ஓர் இரவு ஆனது. இரண்டு ஆண்டுகள் ஒரு திரை அவர்களிடம் பேசிக்கொண்டே இருந்தது. கல்வித் தொலைக்காட்சியோ, கைப்பேசியில் வந்த பாடமோ, எதுவும் அவர்களைத் திருப்பிக் கேட்டதில்லை; கேட்டபோதும் ஒலியை அணைத்துவிட்டு இருக்க முடிந்தது. என் வகுப்பில் அவர்கள் காட்டிய அமைதி அங்கே பழகிய அமைதி. அதைக் கலைக்க நான் கையில் எடுத்தது அதே திரையை.

முகூர்த்த நாட்காட்டி

வருகை ஏன் குறைகிறது என்று பார்க்க வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். மாணவிகளின் வருகையில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. மாணவர்கள் பக்கம் மட்டும் ஒரே நாளில் ஏழு, எட்டுப் பேர் சேர்ந்தாற்போல வராமல் இருந்தார்கள். சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைத் தற்செயலாகப் பார்த்தபோது பிடிபட்டது. அவை ஆவணி மாத முகூர்த்த நாள்கள்.

அவர்கள் சமையல் ஒப்பந்தக்காரர்களிடம் பந்தி பரிமாறப் போய்க்கொண்டிருந்தார்கள். முந்தைய நாள் மாலை வரவேற்புப் பந்தி, இரவு மண்டபத்திலேயே தூக்கம், விடிந்தால் காலைப் பந்தி, பிறகு மதியப் பந்தி. அந்தக் கூலியில்தான் புத்தகம், தேர்வுக் கட்டணம், சிலருக்கு வீட்டுச் செலவும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் அந்தச் செப்டம்பர் 5 அன்றுதான் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது 2024 ஆகஸ்டில். எங்கள் வகுப்பில் மாணவிகள் வருகையும் மாணவர்கள் வருகையும் வேறுபட்டதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மாணவனை அலட்சியக்காரன் என்று நான் வகுப்பில் எழுப்பி நிற்க வைத்திருந்தேன். அன்று காலை அவன் மண்டபத்திலிருந்து நேராக வந்திருந்தான்.

மாலையில் வீட்டில் படிக்க நேரம் இருக்கும் என்பது என் கற்பனை. வேலைக்குப் போகாதவர்களுக்கும் வீட்டில் ஒரு கைப்பேசி, அதற்கு மூன்று பங்காளிகள். கற்க வேண்டியது எதுவானாலும் அது எட்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில், அந்த அறைக்குள் நடந்தாக வேண்டும்.

இரண்டாம் முடிவு: வகுப்புக்குள் கேள்வி

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையைப் பற்றிப் படித்திருந்தேன். ஆசிரியர் சிறிது நேரம் விளக்குவார். பிறகு கணக்கீடு தேவைப்படாத, கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி. மாணவர்கள் தனித்தனியே விடையைத் தேர்ந்தெடுப்பார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் தன் காரணத்தைச் சொல்லி வாதிடுவார்கள், மீண்டும் தேர்ந்தெடுப்பார்கள். அக்டோபர் முதல் இதைச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

துறைத்தலைவருக்குத் தயக்கம் இருந்தது. "பாடத்திட்டத்தின் ஐந்து அலகையும் எப்படி முடிப்பீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. அறிவியல், பொறியியல் வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை அவரிடம் காட்டினேன். விரிவுரையை மட்டும் கேட்ட மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு, வகுப்பில் பங்கெடுத்துக் கற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு என்று அது சொன்னது. பருவம் முடியும் வரை முயன்று பாருங்கள் என்று ஒப்புக்கொண்டார்.

வாக்களிக்கும் கருவி வாங்கப் பணம் இல்லை. அட்டை செய்தோம். முதலில் நான்கு வண்ண அட்டைகள் என்று நினைத்து, பிறகு கைவிட்டேன். எங்கள் பகுதியில் நிறம் வெறும் நிறமாக இருப்பதில்லை. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் சாதியைப் படிக்கிற சூழல் அது. 2024-ல் நீதிபதி சந்துரு குழு பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்த அளவுக்கு முற்றிய சிக்கல். ஆகவே பழைய ரெக்கார்ட் நோட்டு அட்டைகளை வெட்டி, வெள்ளைத் தாள் ஒட்டி, கறுப்பு மையில் அ, ஆ, இ, ஈ என்று எழுதினோம். அட்டையை நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். எனக்குத் தெரியும், பின்னால் இருப்பவருக்குத் தெரியாது.

கலந்து பேசுவது தமிழில் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். ஃபோர்ஸ் என்றாலும் விசை என்றாலும் சரி. காரணம் சொல்லத் தெரிய வேண்டும். ஆங்கிலக் கலைச்சொற்களைக் கரும்பலகையின் ஓர் ஓரத்தில் தமிழோடு இணைத்து எழுதி, பருவம் முழுவதும் அழிக்காமல் வைத்திருந்தேன்.

லாரியும் பைக்கும்

முதல் கேள்வியிலேயே பிழை செய்தேன். சரக்கேற்றிய லாரியும் பைக்கும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன் மீது அதிக விசை செலுத்துகிறது? லாரி என்று 38 பேர். சமம் என்ற சரியான விடையைக் காட்டியவர்கள் ஐந்து பேர். பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் அட்டை தூக்கச் சொன்னால், சரியான விடை மூன்றாகக் குறைந்திருந்தது. பெரும்பான்மை தன் தவறைச் சிறுபான்மைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால்தான் கலந்துரையாடல் பயன் தரும். அதற்குக் குறைந்தால் ஆசிரியர் மீண்டும் விளக்க வேண்டும் என்பது மசூரின் வழிகாட்டுதலிலேயே உண்டு. படித்தும் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் ஆய்வகத்திலிருந்து இரண்டு சுருள்வில் தராசுகளை எடுத்து வந்தேன். இரண்டையும் கொக்கியோடு கொக்கி மாட்டி, வகுப்பிலேயே வலுவான மாணவனை ஒரு முனையிலும், மெலிந்த உடல்வாகு கொண்ட மற்றொரு மாணவனை மறுமுனையிலும் இழுக்கச் சொன்னேன். இரண்டு தராசும் ஒரே அளவு காட்டின. வலுவானவன் வேகமாக இழுத்துப் பார்த்தான். இரண்டும் ஒன்றாகவே ஏறின. பின் பெஞ்சுகள் எழுந்து நின்று பார்த்தன.

அப்போது ஒருவன் கேட்டான்: "அப்படியென்றால் பைக் மட்டும் ஏன் சார் நொறுங்குகிறது?"

பருவம் தொடங்கிய பிறகு அந்த வகுப்பிலிருந்து யாரும் தூண்டாமல் தானாக எழுந்த முதல் கேள்வி அது. விடையை நான் உடனே சொல்லவில்லை. அடுத்த வகுப்புவரை அவர்களிடமே விட்டேன். மறுநாள் நான்கு பேர் தாங்களாகவே நிறையைக் கொண்டுவந்தார்கள்: விசை சமம், பைக்கின் நிறை குறைவு, ஆகவே அதன் முடுக்கம் பல மடங்கு. கரும்பலகையில் அதை எழுதியது கேள்வி கேட்ட மாணவன். மண்டபத்திலிருந்து வந்தவன் என்று முன்பு குறிப்பிட்டவனும் அவன்தான்.

இருக்கைகள்

பக்கத்தில் இருப்பவரோடு பேசு என்பது எளிய கட்டளை போலத் தோன்றும். மாணவர்கள் பேருந்துத் தடம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரே தடம் என்றால் ஒரே ஊர். ஒரே ஊர் என்றால் பெரும்பாலும் ஒரே தெரு. அவர்கள் ஏற்கெனவே ஒன்றாக நினைப்பவர்கள், அதனால் வாதம் எழவில்லை. பதிவெண் வரிசைப்படி நான்கு நான்கு பேராகப் பிரித்தேன். இரண்டு நாள் முணுமுணுப்பு இருந்தது, பிறகு பழகிவிட்டது.

மாணவர், மாணவிகளை ஒரே குழுவில் சேர்க்கவில்லை. சேர்த்தால் செய்தி ஊருக்குப் போகும், ஒரு மாணவியின் படிப்பு நின்றுபோகக்கூட அது காரணமாகலாம் என்று பெண் ஆசிரியர்கள் எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னதை ஏற்றேன். இது சமரசம்தான், சரி என்று நிறுவ முயலவில்லை.

கைப்பேசிக்கு ஒரு வேலை

நவம்பரில், நான்கு பேருக்கு ஒரு கைப்பேசி போதும் என்ற கணக்கில், ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை இறக்கச் சொன்னேன். ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி முதலிய உணரிகளை ஆய்வகக் கருவிகளாக மாற்றித் தருகிறது. மேசை மீது அசையாமல் கிடக்கும் கைப்பேசி 9.8-ஐ ஒட்டிக் காட்டியது. இரண்டு தலையணைகள் மீது விழும்படி போட்டால், விழும் நேரத்தில் அளவு பூஜ்யத்துக்கு அருகே இறங்கியது. நிற்கும்போது 9.8, விழும்போது பூஜ்யமா என்று வகுப்பே குழம்பியது. உணரி அளப்பது தன்னைத் தாங்கும் விசையை என்பதை எட்ட இரண்டு வகுப்புகள் பிடித்தன. பருவம் முழுவதிலும் சத்தம் அதிகமாக இருந்த வகுப்புகள் அவை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார்.

ஓர் அசைன்மெண்டையும் மாற்றினேன். புத்தகத்தைப் பார்த்து எழுதும் பத்துப் பக்கத்துக்குப் பதிலாக, கல்லூரிக்குத் தாங்கள் வரும் பேருந்து பிரேக் பிடிக்கும்போது முடுக்கத்தை அளந்து ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.

விளைவுகள்

டிசம்பரில் பந்துக் கேள்வியை வேறு வடிவில் கேட்டேன். ஆறு பேர் சரியாகச் சொன்ன இடத்தில் இப்போது 31 பேர். லாரி–பைக் கேள்வியை ரயிலும் ஆட்டோவுமாக மாற்றிக் கேட்டபோது 28 பேர் சமம் என்றார்கள். 12 பேர் இன்னமும் பெரியதன் பக்கமே நின்றார்கள்.

பல்கலைக்கழகத் தேர்வில் 11 பேர் தோற்றார்கள். முந்தைய ஆண்டு மாணவர்களோடு இதை ஒப்பிட முடியாது. அவர்களுடைய முதல் பருவத் தேர்வு இணைய வழியில் நடந்தது. இந்தத் தேர்ச்சியில் என் முறைக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லவும் முடியாது. புரட்டாசியில் முகூர்த்தம் குறைந்து வருகை கூடியதும் இதே காலத்தில்தான்.

இழப்பு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நிரூபணங்களை அச்சிட்ட தாளாகக் கொடுத்து, நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தேன். பெரிய வினாக்களில் நிரூபணம் கேட்ட இடங்களில் அவர்கள் தடுமாறினார்கள். கருத்து புரிந்த மாணவர்கள்கூட அதைக் கணித மொழியில் வரிசையாகக் கொண்டுபோக முடியாமல் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். துறைத்தலைவரின் கவலை பாதி உண்மையானது.

இன்னொரு இழப்பு இதைவிடப் பெரியது. இரண்டாம் பருவத்தின் நடுவில் ஒரு மாணவர் நின்றுவிட்டார். எப்போதும் நடுப் பெஞ்சில் இருப்பவர், அட்டையைச் சரியாகத் தூக்குபவர், தொந்தரவு இல்லாதவர். அவர் வராததை நான் உணர மூன்று வாரம் ஆனது. வீட்டுக்குப் போனபோது திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். கைப்பேசியில் பேசினேன். "அடுத்த வருஷம் பார்க்கிறேன் சார்" என்றார். வரவில்லை.

அடுத்த முறைக்கு மாற்றியவை

நிரூபணத்தை மீண்டும் வகுப்புக்குள் கொண்டுவந்தேன். வாரம் ஒன்று, நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு எழுதி, அந்த வரியைக் குழுக்கள் கண்டுபிடிக்க வேண்டும். முகூர்த்த நாளிலும் அதற்கு மறுநாளும் உள்மதிப்பீட்டுத் தேர்வு வைப்பதில்லை என்று துறையில் எழுதாத வழக்கமாகிவிட்டது. காணொளிகளை அழிக்கவில்லை, வகுப்புக்கு வர முடியாமல் போனவர்களுக்கு மட்டும் அனுப்புகிறேன். அவர்கள் பார்க்கிறார்கள்.

முதல் வாரத்தில் இப்போது பாடம் நடத்துவதில்லை. ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து பேசுகிறேன்; 46 பேர் என்றால் ஏறத்தாழ எட்டு மணி நேரம். பள்ளியில் எந்தப் பாடம் விட்டுப்போனது, வீட்டில் கைப்பேசி யாரிடம் இருக்கும் என்றெல்லாம் கேட்கிறேன். முதலில் கேட்பது, "ஒன்றரைக்குக் கல்லூரி முடிந்ததும் எங்கே போகிறாய்?" என்று. பதில்களை வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். மூன்று நாள் தொடர்ந்து யாருடைய இருக்கை காலியாக இருந்தாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்று மாலையே கூப்பிடுகிறேன்.